நெருப்பு தானே மூச்சு வாங்கும் எஞ்சின்

ஒலுவிலில் பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கும் அக்கரைப்பற்றுப் பிள்ளை ஒருவர் என்னிடம் கேட்டது இது: “சேர், எங்கள் தேர்மோடைனமிக்ஸ் பாடத்தில் நீராவி எஞ்சினுக்கு அரைப் பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். வினைத்திறன் 6, 7 வீதம், அதனால் டீசல் வந்தது, அவ்வளவுதான். நீங்கள் 40 வருடம் எஞ்சினியராக வேலை செய்துவிட்டு இன்னும் அதன் பின்னாலேயே போகிறீர்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது? இப்போது படிக்கிற எங்களுக்கு அதனால் ஏதும் பிரயோசனம் உண்டா?”

மகள், அந்த அரைப் பக்கத்தில் பிழை இல்லை. கரிக்கோச்சி (நீராவி ரயில்) எஞ்சின் எரித்த நிலக்கரியின் சக்தியில் நூற்றுக்கு 6, 7 பங்குதான் இழுக்கும் வேலையாக மாறியது. நல்ல எஞ்சினும் நல்ல கையும் சேர்ந்தால் 8. டீசல் எஞ்சின் 30ஐத் தொடும். ஏன் இவ்வளவு குறைவு என்பதும் உங்களுக்குத் தெரிந்த கணக்குத்தான். 100 பாகையில் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2,257 கிலோயூல் வேண்டும். நுரைச்சோலை மாதிரி ஒரு மின் நிலையத்தில் சுழலியை விட்டு வரும் ஆவியைக் கடல்நீரால் குளிரவைக்கிறார்கள். வெற்றிடத்துக்குக் கிட்டவான அமுக்கம் வரைக்கும் அது விரிந்து வேலை செய்கிறது. பிறகு அதே தண்ணீர் திரும்பவும் பொயிலருக்குப் போகிறது. தண்டவாளத்தில் ஓடும் எஞ்சினில் அதற்கெல்லாம் இடம் ஏது? சிலிண்டரில் ஒரு தள்ளுத் தள்ளிய ஆவி, தன் சூட்டில் பெரும்பங்கைச் சுமந்துகொண்டே புகைபோக்கியால் வெளியே போய்விடும். பெரிய நட்டம் அங்கேதான்.

புத்தகம் அந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறது. ஆனால் வெளியே போகிற அந்த ஆவி, போகிற வழியில் ஒரு வேலை செய்துவிட்டுப் போகிறது. 8 வயதில் என்னைப் பிடித்து இன்றுவரை விடாமல் வைத்திருப்பது அந்த வேலைதான்.

நான் மட்டக்களப்புப் பட்டணத்தில் வளர்ந்தவன். உங்கள் பக்கத்துக்குத் தண்டவாளம் வரவே இல்லை. கல்முனை, அக்கரைப்பற்று ஆட்கள் இன்றைக்கும் கோச்சி பிடிக்க மட்டக்களப்புக்குத்தான் வர வேண்டும். மாகோவில் பிரிகிற பாதை, கல்ஓயாச் சந்தியில் திருகோணமலைக்கு ஒரு கிளையை விட்டுவிட்டு, பொலன்னறுவை, வெலிகந்தை, புனானை, வாழைச்சேனை, ஏறாவூர் என்று வந்து எங்கள் ஸ்டேசனோடு முடிந்துவிடும். கொழும்பிலிருந்து ஏறக்குறைய 350 கிலோமீற்றர். கடைசி ஸ்டேசன் என்பதால் எஞ்சின் அங்கே ஆறுதலாக நிற்கும். தண்ணீர் குடிக்கும், சாம்பல் தட்டும், அடுத்த பயணத்துக்கு நெருப்பைக் கூட்டும். இடை ஸ்டேசன்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் கோச்சியைப் பார்த்தார்கள். நான் எஞ்சினைப் பார்த்தேன்.

என் தாய்மாமா அந்த ஸ்டேசனில் பார்சல் பகுதியில் வேலை செய்தார். பள்ளிக்கூடம் விட்டதும் அவருக்குச் சோறு கொண்டுபோகிற சாட்டில் நான் போய்விடுவேன். 1961 என்று நினைவு. சரக்குக் கோச்சியோடு வந்த எஞ்சின் ஒன்று நின்றுகொண்டிருந்தது. ட்ரைவர் ஒரு பறங்கியர், நல்ல உயரம், எண்ணெய்க் கறை பிடித்த நீலச் சட்டை. என்னை ஒவ்வொரு நாளும் பார்த்துப் பழகியிருந்தார் போல. அன்றைக்குக் கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டார். நெருப்புக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, ஒரு காகிதத் துண்டை எடுத்து அந்த இடைவெளிக்கு முன்னால் பிடித்தார். காகிதம் மெல்ல ஆடியது, அவ்வளவுதான். பிறகு மற்றக் கையால் ஒரு வால்வைத் திருகினார். எஞ்சினின் முன்பக்கத்தில் எங்கேயோ ‘உஸ்’ என்று சத்தம் வந்தது. அந்தக் கணமே காகிதம் அவர் விரலிலிருந்து பறந்து நெருப்புக்குள் போனது. உள்ளே மங்கலாகக் கிடந்த நெருப்பு வெள்ளையாக மாறியது.

ஊதியது யார்? கையில் ஊதுகுழலும் இல்லை, விசிறியும் இல்லை. சத்தம் வந்தது முன்பக்கத்தில். நெருப்பு எரிந்தது பின்பக்கத்தில், எனக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவில் ஒரு பொயிலரின் நீளம் இருந்தது. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

விடை எனக்குக் கிடைக்கப் பல வருடம் ஆனது. நெருப்புப் பெட்டியிலிருந்து புறப்படும் சூடான வாயு, பொயிலருக்குள் கிடக்கும் நூற்றுக்கணக்கான குழாய்கள் வழியாக முன்னுக்குப் போகிறது. சுற்றியுள்ள தண்ணீரைச் சூடாக்கிவிட்டு, முன்பக்கப் புகைப்பெட்டிக்கு வந்து சேர்கிறது. அந்தப் பெட்டியின் நடுவில், புகைபோக்கிக்கு நேர் கீழே, மேல்நோக்கிய ஒரு குழாய் வாய் இருக்கிறது. சிலிண்டரில் வேலை முடிந்த ஆவி அதனால்தான் வெளியே வரும். ஒடுக்கமான வாயால் வேகமாகப் பாயும் ஆவி, சுற்றியுள்ள புகையையும் இழுத்துக்கொண்டு புகைபோக்கிக்குள் போய்விடும். புகைப்பெட்டியில் அமுக்கம் கொஞ்சம் குறையும். அந்தக் குறையை நிரப்பக் குழாய்கள் வழியாக வாயு ஓடிவரும். அதன் பின்னால், நெருப்புத் தட்டின் கீழிருந்து புதுக் காற்று ஏறும். வண்டி நிற்கும்போது பொயிலரிலிருந்தே கொஞ்சம் ஆவியை எடுத்து அதே இடத்தில் ஊதுவதற்கு ஒரு வால்வு உண்டு. ட்ரைவர் எனக்குத் திருகிக் காட்டியது அதைத்தான்.

இப்போது அதன் பின்விளைவை யோசித்துப் பாருங்கள். ஏற்றம் வருகிறது, பாரம் கூடுகிறது. ட்ரைவர் கூட ஆவியைச் சிலிண்டருக்கு விடுகிறார். கூட ஆவி போனால் புகைபோக்கியில் கூட வேகம். வேகம் கூடினால் இழுவை கூடும், இழுவை கூடினால் நெருப்பு கூடும், நெருப்பு கூடினால் ஆவி கூடும். பாரம் குறைந்தால் எல்லாம் அதே வரிசையில் தணியும். எவ்வளவு உழைப்போ அவ்வளவு மூச்சு. நீங்கள் கட்டுப்பாட்டியல் பாடத்தில் பின்னூட்டல் என்று படிக்கிறீர்களே, அதை ஒரு வயரும் சென்சரும் இல்லாமல் ஒரு குழாய் வாயை வைத்துச் செய்திருக்கிறார்கள். ரிச்சர்ட் ட்ரெவிதிக் 1804இல் வேல்ஸில் உள்ள பெனிடாரனில் 10 தொன் இரும்பையும் 70 ஆட்களையும் இழுத்த எஞ்சினிலேயே ஆவியைப் புகைபோக்கிக்குள் விட்டார். நெருப்புப் பலமாக எரிவதையும் கவனித்தார். 1829இல் ஸ்டீவன்சன்களின் ரொக்கெட் என்ற எஞ்சின் 25 செப்புக் குழாய்களை வைத்த பொயிலரோடு இங்கிலாந்தின் ரெயின்ஹில் எஞ்சின் போட்டியில் வென்றது. குழாய் கூடினால் சூடு வாங்கும் பரப்புக் கூடும். ஆனால் ஒடுங்கிய குழாய்களுக்குள்ளால் வாயுவை இழுக்கப் பலமான இழுவை வேண்டும். இந்த இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றதால்தான் அதற்குப் பிறகு வந்த எல்லா எஞ்சினும் அதே உடலமைப்போடு வந்தது. நூறு வருடத்துக்கு மேல் யாரும் அதை மாற்றவில்லை. நான் பார்த்த இயந்திரங்களுக்குள் இவ்வளவு அழகான ஒரு யோசனை வேறு ஒன்றிலும் இல்லை என்று நினைக்கிறேன்.

அந்த ‘சிக்குப் புக்கு’ சத்தமும் இதே குழாய் வாயிலிருந்து வருவதுதான். பிஸ்டனின் இரண்டு பக்கமும் ஆவி தள்ளும். இரண்டு சிலிண்டர் இருந்தால் சக்கரம் ஒருமுறை சுற்றும்போது நான்கு தரம் ஆவி வெளியேறும், நான்கு அடி கேட்கும். நான்கும் ஒரே இடைவெளியில், ஒரே கனத்தில் விழ வேண்டும். வால்வு கொஞ்சம் விலகியிருந்தால் ஒரு அடி முந்தும், ஒன்று மெலியும். எங்கள் ஊரில் வடமோடிக் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரைப் பார்த்திருப்பீர்கள். களரியில் பத்துப் பேர் ஆடும்போது மத்தளத்தைக் கேட்டுக்கொண்டே எந்தக் கால் பிந்தியது என்று சொல்லிவிடுவார். பழைய ஃபிட்டர்மார் அப்படித்தான். பிளாட்போமில் நின்றபடி எஞ்சின் புறப்படும் சத்தத்தைக் கேட்டு, “இடப்பக்கம், முன்வால்வு” என்று சொல்லிவிடுவார்கள். கழற்றிப் பார்த்தால் அங்கேதான் பிழை இருக்கும். என் வேலைக்காலம் முழுக்க பம்ப், ஃபேன், கியர் எதுவாக இருந்தாலும் முதலில் காதைத்தான் வைத்தேன். அதை எனக்குப் படிப்பித்தது பேராதனைப் பல்கலைக்கழகம் அல்ல, மட்டக்களப்பு ஸ்டேசன்.

எங்கள் பாதையில் ஓடியவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கையின் அகலப் பாதை 5 அடி 6 அங்குலம். மலைநாட்டுப் பாதை வேறு உலகம்: கடுகண்ணாவைப் பக்கம் 44 அடிக்கு ஒரு அடி ஏற்றம், வளைவோ வளைவு. அதற்கென்று மான்செஸ்டர் பேயர் பீக்கொக் கம்பனியின் கறட் எஞ்சின்கள் வந்தன. ஒரு பெரிய பொயிலரைத் தொட்டில் மாதிரி நடுவில் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் தனித்தனிச் சக்கரத் தொகுதியில் அதைத் தாங்குவது. முதலாவது 1927இல் வந்தது, 1945இல் இன்னும் 8. கிழக்குப் பாதை சமதரை. இங்கே முன்னால் 4 சின்னச் சக்கரமும் பிறகு 6 பெரிய சக்கரமும் வைத்த பி1 மாதிரியான எஞ்சின்கள் போதும். அந்த வகையில் சிலவற்றுக்குப் பழைய ஆள்பதிகளின் பெயர் வைத்திருந்தார்கள். 251 இலக்கத்துக்கு சேர் தோமஸ் மெய்ட்லண்ட். மன்னம்பிட்டியில் மகாவலிக்கு மேலே அந்தக் காலத்தில் கோச்சிக்கும் வாகனத்துக்கும் ஒரே இரும்புப் பாலம்தான். கோச்சி வந்தால் பஸ்ஸும் லொறியும் கரையில் காத்து நிற்கும். நான் பஸ்ஸில் இருந்து அந்த எஞ்சின் பாலத்தில் ஏறுவதைப் பார்த்த நாட்கள் உண்டு. ஓட்டமாவடியிலும் அப்போது அதே கதைதான்.

சமதரையில் ஓட்டுவதில் ஒரு கலை இருக்கிறது. அதை உங்கள் அமுக்கம்–கனவளவு வரைபடத்தோடு பொருத்திப் பாருங்கள். புறப்படும்போது பிஸ்டன் போகும் தூரத்தில் முக்கால் பங்கு வரைக்கும் ஆவியை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாரம் அசையாது. வேகம் பிடித்ததும் ட்ரைவர் லீவரைப் பின்னுக்கு எடுப்பார்: கால் பங்குத் தூரத்திலேயே ஆவியை வெட்டிவிட்டு, மிச்சத்தை உள்ளே இருக்கும் ஆவி விரிந்தே தள்ளட்டும் என்று விடுவார். அதே ஆவியில் கூட வேலை. புகைபோக்கிச் சத்தமும் உடனே மெலியும். சக்கரத்துக்குப் பக்கத்தில் அசையும் அந்தக் கம்பிகளின் கூட்டம் இதற்காகத்தான். வால்ஷார்ட்ஸ் என்ற பெல்ஜியக்காரர் 1844இல் கண்டுபிடித்த அமைப்பு அது. முன்னுக்குப் போவது, பின்னுக்குப் போவது, எவ்வளவு தூரத்தில் ஆவியை வெட்டுவது, மூன்றையும் ஒரே லீவர் தீர்மானிக்கும். கடுகண்ணாவை ரயில் நூதனசாலைக்குப் போனால் அந்தக் கம்பிகளுக்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்று, எந்தக் கம்பி எதைத் தள்ளுகிறது என்று கையால் காற்றில் வரைந்து பாருங்கள்.

சரி, பிரயோசனம் உண்டா என்று கேட்டீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

படித்து முடித்ததும் வாழைச்சேனைக் காகித ஆலையில் பொயிலர் பக்கம் வேலை கிடைத்தது. வைக்கோலை அவித்துக் காகிதம் செய்த இடம், ஆவி இல்லாமல் ஒன்றும் நடக்காது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை போனது. சின்ன வயதிலிருந்து எஞ்சின் இலக்கங்களும் படங்களும் எழுதிவைத்த என் மூன்று கொப்பிகளும் போயின. அதற்குப் பிறகு பல இடங்களில் வேலை. 1996இல் நாடு முழுக்க மின்வெட்டு. சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலை முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். நெல் அவிக்கும் பொயிலர், உமி நெருப்பு. தண்ணீர் ஏற்றுவது கரண்ட் பம்ப். கரண்ட் போனால் பம்ப் நிற்கும், ஆனால் உமி நெருப்பு நிற்காது. அது உள்ளுக்குள் கிடந்து எரிந்துகொண்டே இருக்கும். பொயிலர் பார்த்த காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) இரண்டு தரம் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் கீழே போவதைப் பார்த்துவிட்டு, கையால் நெருப்பை வாரி வெளியே கொட்டியிருந்தார். அவர் முழங்கை வரைக்கும் சுட்ட தழும்பு.

எனக்கு உடனே மனதில் வந்தது கரிக்கோச்சியின் இன்ஜெக்டர். ஹென்றி ஜிஃபார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 1858இல் காப்புரிமை எடுத்தது. உருளும் பாகம் ஒன்றும் இல்லை, உள்ளே வைத்த கூம்புகள் மட்டும்தான். பொயிலரிலிருந்து ஆவியை எடுத்து, அதே பொயிலருக்குள், அதே அமுக்கத்துக்கு எதிராகத் தண்ணீரைத் தள்ளும். கேட்டவுடன் யாரும் நம்ப மாட்டார்கள். கணக்குப் போட்டால் நம்ப வேண்டி வரும். 12 பார் அமுக்கத்தை எதிர்த்து உள்ளே போக, தண்ணீருக்குச் செக்கனுக்கு 50 மீற்றர் வேகம் இருந்தால் போதும். அதே பொயிலரிலிருந்து ஒரு கூம்பால் பாயும் ஆவியோ அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகம் எடுக்கும். அந்த ஆவி குளிர்ந்த தண்ணீரில் பட்டு ஒடுங்கும்போது தன் உந்தத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துவிடுகிறது. தண்ணீர் வேகமெடுத்து, விரிந்துபோகும் கூம்பில் அந்த வேகத்தை அமுக்கமாக மாற்றி, வால்வைத் தள்ளிக்கொண்டு பொயிலருக்குள் போய்விடும். கரண்ட் தேவையில்லை, நெருப்பு இருந்தாலே போதும். நெருப்பு எரிகிற நேரத்தில்தானே தண்ணீரும் வேண்டும்!

கொழும்பில் ஒன்று தேடி வாங்கிப் பூட்டினோம். முதல் நாள் காலையில் ஒரே திருகலில் பிடித்துக்கொண்டது. காக்கா குழாயில் கையை வைத்துப் பார்த்து, தண்ணீர் மட்டம் ஏறுவதைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் நின்றார். பின்னேரம் கரண்ட் போனபோது அது பிடிக்கவில்லை. ஆவியும் தண்ணீரும் வழியும் குழாயால் கீழே கொட்டியது, உள்ளே ஒரு துளி போகவில்லை. முதலாளி என் முகத்தைப் பார்த்தார். நான் ஊட்டு நீர்த் தொட்டியில் கையை வைத்தேன். வைக்க முடியாத சூடு. அவிக்கிற கொப்பரையிலிருந்து திரும்பி வரும் சுடுதண்ணீரை, எரிபொருள் மிச்சம் என்று அதே தொட்டிக்குள் விட்டிருந்தார்கள். அது நல்ல யோசனைதான். ஆனால் இன்ஜெக்டருக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். சுடுதண்ணீரில் ஆவி ஒடுங்காது, ஒடுங்காவிட்டால் உந்தம் கைமாறாது. தண்ணீர்த் தொட்டி சூடேறினால் இன்ஜெக்டர் சண்டித்தனம் பண்ணும் என்பது எஞ்சின் ஃபயர்மன் ஒவ்வொருவருக்கும் தெரிந்த விசயம். கிணற்றுத் தண்ணீருக்கென்று ஒரு தனிப் பீப்பாய் வைத்தோம். அதற்குப் பிறகு அது ஒருநாளும் ஏமாற்றவில்லை. காக்கா கையால் நெருப்பை வாரியதும் அதோடு நின்றது.

இன்னொன்றும் செய்தேன். எஞ்சினின் நெருப்புப் பெட்டியின் கூரைத் தகட்டில் ஈயம் நிரப்பிய ஒரு திருகாணி இருக்கும். தகட்டுக்கு மேலே தண்ணீர் இருக்கும்வரை அது ஏறக்குறைய 200 பாகைக்கு மேலே போகாது. தண்ணீர் இறங்கித் தகடு வெறுமையானால் 327 பாகையில் ஈயம் உருகும், ஆவி நெருப்புக்குள் பாய்ந்து எச்சரிக்கும். அந்த ஆலைப் பொயிலரிலும் அப்படி ஒன்று இருந்தது. எப்போதோ உருகிப்போய், அந்த ஓட்டைக்கு யாரோ முழு இரும்புத் திருகாணி அடித்து மூடியிருந்தார்கள். அதைக் கண்ட நேரம் எனக்குக் கை நடுங்கியது. பொயிலர் வெடிப்பது என்பது வெறும் ஆவி வெளியேறுவது அல்ல, மகள். உள்ளே 100 பாகைக்கு மேலே சூடாகிக் கிடக்கும் தண்ணீர், அமுக்கம் போன கணத்தில் தானாகவே கொதித்து ஆவியாகும். சாதாரண அமுக்கத்தில் ஆவி, தண்ணீரைப் போல 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். ஈயத் திருகாணி போடும்வரை நெருப்பு மூட்ட நான் விடவில்லை.

இந்த எஞ்சினை விரும்புகிறவர்கள் எல்லோரும் பழசை நினைத்துக் கண் கலங்குகிறவர்கள் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அது சரியில்லை. ஆந்த்ரே ஷப்பலோன் என்ற பிரெஞ்சு எஞ்சினியர் 1929இல் ஒரு சாதாரண எஞ்சினை எடுத்து, ஆவி போகும் வழிகளை அகலமாக்கி, ஆவியை இன்னும் சூடாக்கி, புகைப்பெட்டிக் குழாய் வாயை மாற்றி அமைத்தார். வலு பாதிக்கு மேல் கூடியது. அந்தக் குழாய் வாய்க்கு அடிப்படை யோசனை கொடுத்தவர் பின்லாந்துக்காரர் கியுலாலா; இரண்டு பேரின் பெயரும் சேர்ந்து கில்ஷாப் ஆனது. 1938 ஜூலை 3இல் மல்லார்ட் என்ற பிரித்தானிய எஞ்சின் மணிக்கு 126 மைல் ஓடியபோது அதன் புகைப்பெட்டியில் இருந்தது இரட்டைக் கில்ஷாப்தான். பறங்கியர் ட்ரைவர் எனக்குக் காட்டிய அதே ‘உஸ்’ஸின் வளர்ந்த வடிவம்.

அப்புறம் லிவியோ தாந்தே போர்த்தா. ஆர்ஜென்டினாக்காரர், 1922இல் பிறந்து 2003இல் மறைந்தவர். உலகம் டீசலுக்குத் திரும்பிய காலத்திலும் வாழ்நாள் முழுக்க நீராவி எஞ்சினைத் திருத்துவதிலேயே இருந்தார். தெற்கே ரியோ துர்பியோவில் வெறும் 75 சென்ரிமீற்றர் அகலப் பாதையில் 1,700 தொன் நிலக்கரிக் கோச்சிகளை இழுக்கவைத்தார். அவர் கண்டுபிடித்த முறையில் நெருப்பைத் தடிப்பாகப் போடுவார்கள். கீழிருந்து கொஞ்சக் காற்றும் ஆவியும், மேலிருந்து மிச்சக் காற்றும். கீழே போகும் ஆவி நெருப்பின் அடியைத் தணித்து, சாம்பல் உருகிக் கட்டியாவதைத் தடுக்கும். தென்னாபிரிக்காவில் டேவிட் வோர்டேல் 1981இல் இதே வழியில் ஒரு எஞ்சினை மாற்றி, நிலக்கரியில் கால் பங்குக்கு மேல் மிச்சம் காட்டினார். உமிச் சாம்பலில் சிலிக்கா நிறைய. அதிக சூட்டில் தட்டில் ஒட்டிக் கல்லாகிவிடும். சம்மாந்துறை ஆலையில் தட்டுக்குக் கீழே ஒரு மெல்லிய ஆவிக் குழாய் விட்டுப் பார்த்தேன். ஒட்டுவது குறைந்தது. ஆர்ஜென்டினாவின் தெற்கு முனையிலிருந்து எங்கள் வயற்கரைக்கு ஒரு யோசனை வந்து சேர்ந்த நாளை நான் மறக்கமாட்டேன்.

டீசலுக்கு மாறியது பிழையா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மற்றவர்கள் எப்போதும் கேட்பார்கள். பிழை இல்லை. 1950களில் ரயில்வேயின் பெரிய எஞ்சினியரான ரம்பாலாவின் காலத்தில் டீசல் வந்தது. கனடா கொடுத்த எஞ்சின்கள் கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தில் வந்தன. இந்த நாட்டில் நிலக்கரி இல்லை. குளிர்ந்த கரி எஞ்சினுக்கு நெருப்பு மூட்டி ஆவி எடுக்க 4, 5 மணித்தியாலம் வேண்டும். அவசரப்பட்டால் தகடுகள் ஒன்றுக்கொன்று முந்திப் பிந்தி விரிந்து கசியத் தொடங்கும். ஒவ்வொரு மாதமும் உப்புப் படிவைக் கழுவ வேண்டும். ஒரு பயணத்துக்கு இத்தனை பேரின் முதுகு முறிய வேண்டும் என்பது நியாயமில்லை. உதயதேவியில் கொழும்புக்குப் போகும்போது முன்னால் டீசல் நிற்பதைப் பார்த்து எனக்கு வருத்தம் வருவதில்லை. போர்க்காலத்தில் பல வருடம் கோச்சியே வராமல் கிடந்த ஊர் இது. எந்த எஞ்சினாக இருந்தாலும் அது வந்து நிற்பதே பெரிய சந்தோசம்.

ஆனால் படிப்பதற்கு இதைவிட நல்ல இயந்திரம் இல்லை. டீசலில் எல்லாம் மூடிக்குள்ளே. இதில் நெருப்பு, தண்ணீர், ஆவி, இரும்பு நான்கும் கண்ணுக்கு முன்னால். ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் அசைவதைப் பார்க்கலாம். உங்கள் பாடங்களில் வெப்பம் ஒரு புத்தகம், பாய்மம் ஒரு புத்தகம், பொறிமுறை ஒரு புத்தகம். அவை மூன்றும் ஒரே உடம்புக்குள் ஒன்றோடொன்று பேசுவதை நான் முதலில் கண்டது இந்த எஞ்சினில்தான்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். விடுமுறையில் கடுகண்ணாவைக்குப் போங்கள். 2014 டிசம்பர் 27இல், முதல் கோச்சி ஓடி 150 வருடமான நாளில் திறந்த தேசிய ரயில் நூதனசாலை அங்கே இருக்கிறது. எஞ்சின்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். 1986இல் தொடங்கிய வைஸ்ரோய் ஸ்பெஷல் என்ற சுற்றுலாக் கோச்சிக்கு நீராவி எஞ்சின் பூட்டும் நாள் தெரிந்தால், அது கொழும்பு தெமட்டகொடை எஞ்சின் கொட்டகையில் இருந்து வெளியே வரும்போது நின்று நான்கு அடியையும் எண்ணுங்கள்.

அதற்கு முன்னால், கிட்டவே ஒரு இடம். சம்மாந்துறை ஆலைக்குக் காலை 6 மணிக்கு வாருங்கள், நான் முதலாளியிடம் சொல்லிவைக்கிறேன். இப்போது காக்காவின் மகன்தான் பொயிலர் பார்க்கிறார். நெருப்பு மூட்டி அரை மணியில் புகைபோக்கி சூடேறி இழுக்கத் தொடங்கும். ஒரு காகிதத் துண்டைக் கொண்டுவந்து சாம்பல் கதவுக்கு முன்னால், விரல் நுனியில் தளர்வாகப் பிடியுங்கள்.